ஆறாவது வாரத்து ஸ்கேன்: புழு மருந்தும் புற்றுநோயும் – ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் நோயாளி

ஸ்வீடனின் உப்சாலா நகரில் சிகிச்சை பெற்றுவந்த 74 வயது ஆண். பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரல், நிணநீர்க் கணுக்கள், கல்லீரல் என்று பரவிவிட்டது. முதலில் கேப்சிடபைன், ஆக்ஸாலிபிளாட்டின், பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு கேப்சிடபைனோடு இரினோடிகான். இரண்டுக்கும் நோய் அடங்கவில்லை. வழக்கமான சிகிச்சையில் அடுத்துத் தருவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்ற நிலையில் மருத்துவர்கள் அவருக்கு மெபெண்டசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் 100 மில்லிகிராம், மாலையில் 100 மில்லிகிராம்.

மெபெண்டசோல் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கும் பூச்சி மருந்து. உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு என்றால் மனிதருக்கு இதே அளவை மூன்று நாள் கொடுப்பார்கள். குதிரைக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் கொடுப்பதும் உண்டு. உப்சாலா நோயாளிக்கு அதே அளவுதான். மூன்று நாளோடு நிறுத்தாமல் வாரக்கணக்கில் தொடர்ந்தார்கள், அதுதான் வேறுபாடு.

ஆறு வாரம் கழித்து சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருந்த கட்டிகள் கிட்டத்தட்ட மறைந்திருந்தன. கல்லீரலில் இருந்தவை நன்றாகச் சுருங்கியிருந்தன. அந்த ஆறு வாரமும் அவருக்குப் புற்றுநோய்க்கென வேறு எந்த மருந்தும் தரப்படவில்லை.

கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் (கல்லீரல் பாதிக்கப்படும்போது ஏறுபவை) இயல்பின் மேல்வரம்பைப் போல சுமார் ஐந்து மடங்கு ஏறியிருந்தன. மருந்தை நிறுத்தினார்கள். நொதிகள் இறங்கியதும் பாதி அளவில் மறுபடி தொடங்கினார்கள். பின்னால் மூளையில் புதிய கட்டிகள் தோன்றின, அதற்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டிவந்தது. மெபெண்டசோல் நிறுத்தப்பட்டது. நோய் திரும்பவும் வளரத் தொடங்கியது.

பீட்டர் நிக்ரென், ரோல்ஃப் லார்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த நிகழ்வை 2014-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். புழு மருந்தைப் புற்றுநோய்க்குப் பரிந்துரைக்கும் வீடியோக்களும் பதிவுகளும் ஆயிரக்கணக்கில் உலவுகின்றன. அவற்றில் பேசப்படும் கதைகள் எதற்கும் இந்த ஒரு நிகழ்வுக்கு இருக்கும் கனம் கிடையாது. மருந்து இன்னது, அளவு இன்னது, முன்னும் பின்னும் ஸ்கேன், பக்கவிளைவு, முடிவு எல்லாமே எழுத்தில் இருக்கின்றன. அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன். புழு மருந்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிகச் சிறந்த சாட்சியத்தை நேர்மையாக எடுத்துக்கொண்டு, அது நம்மை எதுவரை கூட்டிப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது இந்த யோசனை

கடைசி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்த மாத்திரை அல்ல அது. உப்சாலா குழு அதற்கு முன்பே சுமார் 1,600 பழைய மருந்துகளைப் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்கள்மேல் ஒவ்வொன்றாகச் சோதித்திருந்தது. செல்களைக் கொன்றவற்றில் பென்சிமிடசோல் என்ற வகை தனியாகத் தெரிந்தது. மெபெண்டசோல், அல்பெண்டசோல், நாய், மாடு போன்ற விலங்குகளுக்கு மட்டுமே தரும் ஃபென்பெண்டசோல் எல்லாம் அந்தக் குடும்பம்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுண்குழல்கள் என்ற மிக மெல்லிய இழைகள் உண்டு. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் வரிசையாகச் சேர்ந்து இவை உருவாகின்றன, வேலை முடிந்ததும் பிரிந்துவிடுகின்றன. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துக்கொண்டு போவது இவைதான். பென்சிமிடசோல் மருந்து புழுவின் பீட்டா டியூபுலினில் போய் ஒட்டிக்கொள்கிறது. இழை சேராது, புழுவின் குடல் குளுக்கோஸை உறிஞ்ச முடியாது, புழு பட்டினியில் சாகும்.

புற்றுநோய் மருத்துவர்களுக்கு நுண்குழல் புதிய இலக்கு அல்ல. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்த பாக்ளிடாக்செல் எல்லாம் பல ஆண்டுகளாகக் கீமோதெரபியில் புழங்குபவை. அவை தாக்குவதும் இதே நுண்குழல்களைத்தான். ஆகவே “மாட்டு மருந்து எப்படிப் புற்றுநோய்க்கு ஆகும்?” என்று கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யோசனையில் உயிரியல் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே டியூபுலினில்தான் சிக்கலும் இருக்கிறது. பீட்டா டியூபுலின் புரதத்தில் 200-ஆவது இடத்தைப் பாருங்கள். மருந்துக்கு மடியும் புழுவில் அந்த இடத்தில் இருப்பது ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம். மனிதரில் அங்கே டைரோசின். இந்த ஒரு மாற்றம் மருந்தின் பிடியை வெகுவாகத் தளர்த்திவிடுகிறது. செம்மறியாட்டின் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவில், மருந்துக்கு மசியாத வகைகளை ஆராய்ந்தபோதும் இதே இடத்தில் ஃபீனைல்அலனின் போய் டைரோசின் வந்திருப்பதைக் கண்டார்கள். நாம் பூச்சி மாத்திரை விழுங்கியும் நம் செல்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். மாத்திரையின் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலேயே வெளியேறிவிடுவது இன்னொரு காரணம்.

புற்றுநோய்ச் செல்லும் மனிதச் செல்தான். அதன் 200-ஆவது இடத்திலும் டைரோசின்தான். ஆகவே அதைத் தாக்க வேண்டுமானால் புழுவைக் கொல்வதைவிடப் பல மடங்கு செறிவு இரத்தத்தில் ஏற வேண்டும். நீரில் கரையாத, குடல் உறிஞ்சாத ஒரு மருந்தை அந்த அளவுக்கு ஏற்றுவது எப்படி? சோதனைத் தட்டில் இருக்கும் செல்மேல் எவ்வளவு செறிவிலும் மருந்தை ஊற்றலாம். இரத்தத்தில் அப்படிச் செய்ய முடியாது. “புழு மருந்து புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது” என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு செறிவில் கொன்றது என்பது.

உப்சாலா மருத்துவர்களையும் இது உறுத்தியது. நாளுக்கு 200 மில்லிகிராம் மாத்திரையில் இரத்தத்தில் ஏறும் மெபெண்டசோல் மிகக் குறைவு. அந்தச் செறிவில் டியூபுலின் வழியாகக் கட்டி கரைந்திருக்க வாய்ப்பில்லை. ஒருவேளை மருந்து நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிட்டதோ என்ற திசையிலும் அதே குழு ஆய்வகத்தில் தேடியது. மோனோசைட், மேக்ரோஃபேஜ் வகைச் செல்களில் மெபெண்டசோல் அழற்சித் தூண்டலை உண்டாக்குவதைக் கண்டு எழுதியது. ஆறாவது வாரத்து ஸ்கேனில் தெரிந்தது நிஜம். அது ஏன் நடந்தது என்பது மட்டும் திறந்த கேள்வியாகவே நின்றது.

அதே மருத்துவர்கள், அதே மருந்து, அடுத்த நோயாளிகள்

இந்த நிகழ்வில் நான் மிக மதிப்பது இனி வரும் பகுதியை. கையில் இப்படி ஒரு ஸ்கேன் இருந்தால் பலர் அதைக் கொடிபோல் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். உப்சாலா குழு தன் நம்பிக்கையையே பரிசோதனைக்கு உட்படுத்தியது.

வேறு சிகிச்சை பலிக்காத, முற்றிய குடல்சார் புற்றுநோய் உள்ளவர்களைச் சேர்த்து ஒரு இரண்டாம் கட்ட ஆய்வு தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு மாத்திரை என்று வைக்கவில்லை. ஒவ்வொருவரின் இரத்தத்தையும் அளந்து, மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் மெபெண்டசோல் என்ற இலக்கை எட்டும்வரை மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஆய்வகத்தில் செல்கள் மடிந்த செறிவை ஒட்டியது அந்த இலக்கு. சிலருக்கு நாளுக்கு 4 கிராம்வரை போக அனுமதி இருந்தது. முதல் நோயாளி சாப்பிட்டதைவிட 20 மடங்கு.

2021-இல் முடிவு வெளியானது. ஆய்வில் சேர்ந்தவர்கள் 11 பேர். இலக்குச் செறிவை எட்டியவர்கள் 5 பேர் மட்டுமே. மருந்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. சிலருக்கு நோய் எதிர்பார்த்ததைவிட வேகமாக முற்றியதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

பதினொரு பேர் குறைவான எண்ணிக்கைதான், அதை வைத்து மெபெண்டசோலுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட முடியாது. ஆனால் 2014-இன் ஸ்கேனைப் பார்த்துவிட்டு “இதோ மருந்து” என்று சொல்பவர்கள் 2021-இன் முடிவையும் அதே மூச்சில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இரண்டையும் எழுதியது ஒரே கை. முதலாவதை மட்டும் பகிர்ந்து இரண்டாவதை விட்டுவிடுவது, இருக்கும் கொஞ்ச நாளையும் சேமிப்பையும் எதில் செலவிடுவது என்று தவிக்கும் ஒரு குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

மூளைக்கட்டியில் நடந்ததும் ஏறத்தாழ இதே பாதை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மூளைக்கட்டி ஆய்வுக்காக வளர்த்த எலிகளுக்கு ஃபென்பெண்டசோல் கொடுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பின் அவற்றின் மூளையில் வைத்த புற்றுச் செல்கள் ஒட்டி வளரவில்லை. தற்செயலாகக் கண்ட இதைத் தொடர்ந்துபோன கிரெகரி ரிக்கின்ஸ் குழு, மனிதருக்கு ஏற்கெனவே அனுமதி பெற்ற மெபெண்டசோலைத் தேர்ந்துகொண்டது. எலிகளின் சராசரி ஆயுள் 63 சதவீதம்வரை நீண்டதாக 2011-இல் எழுதினார்கள். பின் 24 நோயாளிகளிடம் முதல் கட்டப் பரிசோதனை நடந்தது. டெமோசோலமைடு என்ற கீமோ மருந்தோடு சேர்த்து, நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம்வரை கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் நொதிகள் சிலருக்கு ஏறின, நிறுத்தியதும் இறங்கின. நோயாளிகளின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 21 மாதம் என்று வந்தது. நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை.

மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையில் அடுத்த படியை எடுத்துவைத்தார்கள். கிளியோபிளாஸ்டோமா என்ற கடும் மூளைக்கட்டி சிகிச்சைக்குப் பின் திரும்பிவந்த நோயாளிகள் 88 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு டெமோசோலமைடும் மெபெண்டசோலும், மற்றதற்கு லோமஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் மெபெண்டசோலும். ஒன்பது மாதத்தில் குறைந்தது 55 சதவீதம் பேர் உயிரோடு இருந்தால் இதை மேலே கொண்டுபோகலாம் என்று முன்கூட்டியே கோடு போட்டுக்கொண்டார்கள். 2022-இல் வந்த முடிவில் முதல் பிரிவில் 36.6 சதவீதம், இரண்டாவதில் 45 சதவீதம். கோட்டை எந்தப் பிரிவும் தொடவில்லை.

ஸ்கேன் கோப்பு இல்லாத நோயாளி

இதுவரை சொன்னது மெபெண்டசோல். இணையத்தில் அதிகம் பேசப்படுவது அதன் உறவுக்காரனான ஃபென்பெண்டசோல். அது விலங்குகளுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்ட மருந்து. அதன் புகழுக்குக் காரணம் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிப்பென்ஸ். 2016-இல் அவருக்குச் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய். 2017 தொடக்கத்தில் உடலெங்கும் பரவியது. சில மாதம்தான் என்று கைவிரிக்கப்பட்ட நிலையில், நாய்க்குத் தரும் ஃபென்பெண்டசோலை வாரத்தில் சில நாள் சாப்பிடத் தொடங்கினார். கூடவே மஞ்சளின் குர்குமின், வைட்டமின் ஈ, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெய். சில மாதங்களில் ஸ்கேனில் கட்டி தெரியவில்லை என்று அவரே பொதுவெளியில் எழுதினார், பேட்டி கொடுத்தார்.

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் பிழைத்ததில் எல்லோரையும்போல எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் கதை பரவும்போது ஒரு விவரம் வழியில் உதிர்ந்துவிடுகிறது. அதே காலத்தில் அவர் இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்பையே புற்றுநோய்மேல் ஏவும் சிகிச்சை) மருந்துப் பரிசோதனை ஒன்றிலும் இருந்தார். அந்த மருந்து பெம்ப்ரோலிசுமாப், கடைப்பெயர் கீட்ரூடா.

பெம்ப்ரோலிசுமாப் சிறுசெல் நுரையீரல் புற்றுநோயில் என்ன செய்யும் என்று தனியே அளந்திருக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிகிச்சைகளைப் பார்த்துவிட்ட 83 பேரில் 16 பேருக்குக் கட்டி சுருங்கியது. சுருங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த நிலை 18 மாதத்தைத் தாண்டி நீடித்தது. அதாவது ஃபென்பெண்டசோல் இல்லாமலேயே, ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக, வியக்கத்தக்க முன்னேற்றம் வந்தது. டிப்பென்ஸ் அந்த ஒருவராக இருந்திருக்கலாம். ஃபென்பெண்டசோலும் ஏதோ செய்திருக்கலாம். ஒரே மனிதர் ஒரே நேரத்தில் ஐந்து பொருளைச் சாப்பிட்டபின், எது வேலை செய்தது என்பதை அவர் உடலிலிருந்து பிரித்தெடுக்க வழியே இல்லை.

பெரிய கம்பெனி மருந்துக்கு மட்டும் சலுகை தருகிறார்கள் என்று சந்தேகப்படுவோர் இதையும் பார்க்க வேண்டும். இந்த முடிவை நம்பி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் பெம்ப்ரோலிசுமாபுக்கு இந்த நோயில் விரைவு அனுமதி தந்தது. பின்னால் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில் ஆயுள் நீண்டதை உறுதியாகக் காட்ட முடியவில்லை. 2021-இல் இந்த நோய்க்கான அனுமதி திரும்பப் பெறப்பட்டது. விலை உயர்ந்த மருந்தும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவந்தது, சொல்ல முடியாதபோது விலக வேண்டிவந்தது.

ஃபென்பெண்டசோலைப் பற்றிய ஆய்வகச் சான்றும் ஒரே திசையில் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இன்னொரு குழு 2008-இல் எலிகளுக்கு மனித லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) செல்களை ஊசிமூலம் செலுத்தி நான்கு வகைத் தீனி கொடுத்தது. ஃபென்பெண்டசோல் மட்டும் கலந்த தீனியால் கட்டி வளர்ச்சி குறையவில்லை. கூடுதல் வைட்டமின்களும் சேர்ந்தபோதுதான் குறைந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் மார்பகக் கட்டி உள்ள எலிகளில் பார்த்தபோது கட்டியின் வளர்ச்சியும் மாறவில்லை, கதிர்வீச்சின் பலனும் கூடவில்லை. சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகம் 2018-இல் இதற்கு நேர்மாறான முடிவைக் கண்டது. மனித நுரையீரல் புற்றுச் செல்களைத் தாங்கிய எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது கட்டி சிறுத்தது. அவர்களே ஃபென்பெண்டசோலை நுண்குழலை ‘மிதமாக’க் குலைக்கும் பொருள் என்றுதான் தலைப்பில் வைத்தார்கள். பகிரப்படும் பதிவுகளில் சண்டிகர் இருக்கிறது, யேல் இல்லை.

கொரியா

2019 செப்டம்பரில் டிப்பென்ஸ் கதை ஒரு யூடியூப் வீடியோவாகத் தென்கொரியாவில் பரவியது. நாய்ப் பூச்சி மருந்து கடைகளில் கிடைக்காமல் போனது. உணவு, மருந்துப் பாதுகாப்பு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. நகைச்சுவைக் கலைஞர் கிம் சுல்-மின் நான்காம் கட்ட நுரையீரல் புற்றுநோயோடு இருந்தார். தானும் சாப்பிட்டுப் பார்க்கப்போவதாக வெளிப்படையாக அறிவித்தார். உடல் தேறுவதுபோல் இருந்த நாள்களையும் அவர் பகிர்ந்துகொண்டார், நாடே அவரைக் கவனித்தது. நோய் மேலும் பரவியதால் மருந்தை விட்டுவிட்டதாக 2020-இல் அவரே சொன்னார். 2021 டிசம்பரில் காலமானார்.

மக்கள் இவ்வளவு கேட்கிறார்களே என்று கொரியாவின் தேசியப் புற்றுநோய் மையம் மருந்துப் பரிசோதனை நடத்தலாமா என்று யோசித்தது. செல், விலங்கு அளவிலேயே போதிய அடிப்படை இல்லை என்று 2020 ஜனவரியில் அந்த எண்ணத்தைக் கைவிட்டது. முடிவில் நியாயம் இருக்கலாம், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பரிசோதனை இல்லாவிட்டாலும், சாப்பிடுபவர்களைப் பதிவு செய்து, இரத்தத்தையும் ஸ்கேனையும் தொடர்ந்து பார்க்க ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் இன்று நமக்குக் கதைகளுக்குப் பதில் தரவு இருந்திருக்கும்.

இரண்டாம் நோயாளி

ஜப்பானில் 80 வயதுப் பெண். முற்றிய நுரையீரல் புற்றுநோய், சிறுசெல் அல்லாத வகை. பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுத்தார்கள். ஒன்பது மாதமாக நோய் கட்டுக்குள் இருந்தது. திடீரென்று கல்லீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டிருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது.

இப்படி ஒரு நோயாளியைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் முதல் சந்தேகம் பெம்ப்ரோலிசுமாப் மீதுதான் விழும். நோயெதிர்ப்பைத் தூண்டும் அந்த மருந்து சிலருக்குக் கல்லீரலையே தாக்கவைக்கும், இது எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு. சந்தேகம் அங்கேயே நின்றிருந்தால் அடுத்து என்ன நடக்கும்? புற்றுநோயைப் பிடித்துவைத்திருக்கும் மருந்தை நிறுத்த வேண்டும். நோயெதிர்ப்பை அடக்க ஸ்டீராய்டு தர வேண்டும். சில சமயம் அந்த மருந்தை மறுபடி தொடங்கவே முடியாமல் போகும்.

அவரிடமும் குடும்பத்திடமும் பேசியபோதுதான் விஷயம் வெளிவந்தது. சமூக ஊடகத்தில் படித்துவிட்டு ஒரு மாதமாக ஃபென்பெண்டசோல் சாப்பிட்டுவந்திருக்கிறார். அதை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியபின் கல்லீரல் தானாகவே தேறியது. அந்த ஒரு மாதத்தில் கட்டி சுருங்கியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. 2021-இல் இந்த நிகழ்வு பதிவானது.

இரண்டு நோயாளிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உப்சாலாவிலும் கல்லீரல் நொதி ஏறியது. ஆனால் அங்கே மருந்தைக் கொடுத்தவர்களே இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏறியதும் நிறுத்தினார்கள், அளவைக் குறைத்தார்கள். ஜப்பானில் மருத்துவருக்குத் தெரியாமல் மாத்திரை உள்ளே போனது. கல்லீரல் மட்டும் அல்ல. பென்சிமிடசோல் மருந்துகளை அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் எலும்பு மஜ்ஜை அடங்கி வெள்ளணுக்கள் குறையும். கீமோதெரபியும் வெள்ளணுவைக் குறைப்பதுதான். இரண்டும் சேரும்போது ஒரு சாதாரணக் காய்ச்சல்கூட உயிரைப் பறிக்கலாம், மருத்துவரோ காரணத்தைக் கீமோவில் தேடிக்கொண்டிருப்பார்.

சொல்லாமல் சாப்பிட்டதற்காக அந்த மூதாட்டியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் திட்டுவார்கள் என்ற பயம் நோயாளிகளுக்கு இருக்கிறது, அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. “வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள்? இணையத்தில் பார்த்தது, யாராவது சொன்னது எதுவானாலும் சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன்” என்று ஒவ்வொரு முறையும் மருத்துவர்தான் முதலில் கேட்க வேண்டும்.

உள்ளே போய் வெளியே வந்த ஒரு மருந்து

கால்நடைப் புழு மருந்து ஒன்று புற்றுநோய் சிகிச்சைக்குள் உண்மையிலேயே நுழைந்ததுண்டு. லெவாமிசோல். ஆடு மாடுகளுக்குப் பூச்சிக்காகக் கொடுத்த மருந்து. நோயெதிர்ப்பைத் தூண்டும் என்று கருதி 5-ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துப் பெருங்குடல் புற்றுநோயில் சோதித்தார்கள். மேயோ மருத்துவமனையின் சார்ல்ஸ் மோர்ட்டல் தலைமையில் நடந்த ஆய்வு 1990-இல் வெளிவந்தது. நிணநீர்க் கணுவரை பரவிய, அறுவைசிகிச்சை முடிந்த 929 பேரில் இந்த இரட்டை மருந்து நோய் திரும்புவதை 41 சதவீதமும் இறப்பை 33 சதவீதமும் குறைத்தது. அதே ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

விலைச் சண்டையும் உடனே வந்தது. ஆட்டு மருந்தாக விற்றதைவிடச் சுமார் நூறு மடங்கு விலை வைத்து மனிதருக்கு விற்கிறார்கள் என்று மோர்ட்டலே 1992-இல் மருந்து நிறுவனத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். மலிவான பழைய மருந்து என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்ற வாதம் இங்கே எடுபடாது. நிரூபணம் கிடைத்த ஆண்டே அனுமதியும் வந்தது, லாபம் பார்க்க ஆளும் வந்தது.

ஆனால் கேள்வி அத்தோடு முடியவில்லை. பலன் இரண்டில் எந்த மருந்தால்? குவாசார் என்ற ஆய்வில் 4,927 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். லெவாமிசோல் சேர்த்தவர்கள் வெற்று மாத்திரை சேர்த்தவர்களைவிடச் சற்றும் தேறவில்லை. மூன்றாண்டு உயிர்வாழ்வு லெவாமிசோல் பிரிவில் 69.4 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 71.5 சதவீதம். உழைத்தது 5-ஃப்ளூரோயூராசில்தான். லெவாமிசோலுக்கு வெள்ளணுக்களை அடியோடு வீழ்த்திவிடும் பக்கவிளைவும் இருந்தது. 2000-இல் குவாசார் முடிவு வெளியானது, அதே ஆண்டு லெவாமிசோல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. டிப்பென்ஸின் ஐந்து பொருள் கேள்விதான் இதுவும். பதில் தெரிய ஏறத்தாழ ஐயாயிரம் பேர் தேவைப்பட்டார்கள்.

இன்று நிற்கும் இடம்

பழைய மருந்தைப் புது நோய்க்குத் திருப்புவது வீண் வேலை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தாலிடோமைடு கருவில் இருந்த குழந்தைகளைச் சிதைத்த மருந்து. இன்று அது மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற சிகிச்சை. நஞ்சாகப் பேர் வாங்கிய ஆர்சனிக்கின் ஒரு வடிவம் ஒருவகைக் கடும் இரத்தப் புற்றுநோயைக் குணமாக்குகிறது. இரண்டும் பரிசோதனைக் கூடத்தின் வாசல் வழியாக வந்தவை. ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்தும் இப்போது அந்த வாசலில் நிற்கிறது. மூன்று ஏற்பிகளும் இல்லாத (டிரிப்பிள் நெகட்டிவ்) மார்பகப் புற்றுநோயில் பால்ஸ்டிலிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தோடு சேர்த்துச் சோதிக்கிறார்கள். 2025-இல் சொன்ன முதல் முடிவில், மதிப்பிட முடிந்த 8 பேரில் 6 பேருக்கு நோய் முற்றியது, ஒருவருக்குக் கட்டி ஓரளவு சுருங்கியது. இன்னும் ஆரம்பம்தான்.

வீட்டில் யாருக்காவது புற்றுநோய் வந்து, இந்த மாத்திரையைப் பற்றி யாரோ அனுப்பிய செய்தி கையில் இருந்தால், மருத்துவரிடம் கேட்க நேரடியான கேள்விகள் இருக்கின்றன. எங்கள் நோய்க்கு இந்த வகை மருந்தில் நடக்கும் பரிசோதனை ஏதாவது உண்டா, அதில் சேர எங்களுக்குத் தகுதி இருக்கிறதா? இப்போது ஓடும் சிகிச்சையோடு இது எப்படி மோதும்? ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், அடுத்த கீமோவுக்கு முன் கல்லீரல் நொதிகளையும் வெள்ளணு எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாள் தொடங்கினீர்கள், எத்தனை மில்லிகிராம், வாரத்தில் எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.